அரைப் புள்ளி

நான் அறைக்குள் போய் உட்கார்ந்தபோது பேச்சு வீட்டு வேலைகளுக்கு வந்திருந்தது. எனக்கு மூலையில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். பேசக்கூடாது, தலையாட்டக்கூடாது, பார்க்க மட்டும் செய்யலாம் என்பது ஏற்பாடு.

"ரேடியோ, கடிகாரம், மின்விசிறி எல்லாத்தையும் அவர்தான் பிரிச்சுப் போட்டுச் சரிபண்ணுவார்," என்றார் அந்த அம்மா, கணவரைப் பற்றி. "இப்பவும் பிரிக்கிறார். திரும்பச் சேர்க்கத்தான் நேரமாகுது."

"எவ்வளவு நேரம் ஆகுதும்மா?"

"முன்னெல்லாம் ஒரு மணி நேரத்துல முடிச்சுடுவார். இப்ப ரெண்டு நாள் மேசையிலேயே கிடக்கும். அப்புறம் நான் எடுத்து உள்ளே வெச்சுடுவேன்."

"எடுத்து வெச்சதை எங்கேன்னு கேட்பாரா?"

அந்த அம்மா உடனே பதில் சொல்லவில்லை. கைப்பையின் வாரைச் சுருட்டினார், விட்டார். "இல்லை. கேட்கிறதில்லை."

கேள்வி கேட்டுக்கொண்டிருந்த உளவியலாளர் தாளில் ஒரு கட்டத்துக்குள் 0.5 என்று எழுதினார். ஒரு நொடி அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடித்தார். பக்கத்தில் 1 என்று எழுதினார்.

அல்சைமர் நோய் ஆராய்ச்சியில் எனக்கு அப்போது 17 வருடங்கள் ஆகியிருந்தன. அதில் பெரும்பகுதி மருந்து தேடும் வேலை. நான் செய்த, என்னைப் போன்றவர்கள் செய்த அத்தனை வேலையும் கடைசியில் வந்து விழுகிற இடம் அந்தச் சின்னக் கட்டம். அதை யாரோ ஒருவர் கையால் நிரப்புவதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். (அந்தத் தம்பதியின் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நான் இந்தத் துறைக்குள் வந்தது மின்சாரத்தின் வழியாக. முனைவர் பட்டத்துக்கு எலியின் ஹிப்போகேம்பஸை, அதாவது நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியை, 0.4 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சீவி, ஆக்சிஜன் குமிழியிடும் உப்புநீரில் மிதக்கவிட்டு, நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசுவதைப் பதிவுசெய்வேன். ஒரு பாதையை வேகமாகத் தூண்டினால், அதன் பிறகு மணிக்கணக்கில் அந்தப் பாதையின் பதில் வலுவாகவே இருக்கும். பிளிஸ், லோமோ என்ற இருவர் 1973ல் முயலின் மூளையில் விவரித்தது இது. நினைவு என்ற ஒன்று திசுவுக்குள் எப்படித் தங்குகிறது என்பதற்கு நம்மிடம் உள்ள நல்ல தடயங்களில் ஒன்று. திரையில் கோடு சட்டென்று மேலேறி, ஏறிய இடத்திலேயே நிற்கும். அல்சைமர் நோயாளிகளின் மூளையில் படியும் புரதத் துண்டு அமிலாய்டு பீட்டா. அதே உப்புநீரில் அதில் ஒரு துளியைக் கலந்துவிட்டுத் தூண்டினால் கோடு ஏறும். அரை மணி நேரத்தில் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். செல்கள் சாகவில்லை, திசு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எதையும் பிடித்துவைத்துக்கொள்ள முடிவதில்லை. நள்ளிரவில் தனியாக உட்கார்ந்து முதல்முறை அதைப் பார்த்தபோது கை நடுங்கியது. நோயையே நேரில் பார்த்துவிட்டதாக நம்பினேன்.

அந்த நாட்களில்தான், இந்த நோய் முதலில் விவரிக்கப்பட்ட அகஸ்டே டெட்டர் என்ற பெண்ணின் மருத்துவக் குறிப்புகளைப் படித்தேன். 1901 நவம்பரில் பிராங்க்ஃபர்ட் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது அவருக்கு 51 வயது. மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் அவரிடம் பெயர் கேட்கிறார். "அகஸ்டே." குடும்பப் பெயர்? "அகஸ்டே." கணவர் பெயர்? "அகஸ்டே என்றுதான் நினைக்கிறேன்." மதிய உணவில் பன்றி இறைச்சியும் காலிஃபிளவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் "கீரை" என்கிறார். 1906ல் அவர் இறந்த பிறகு மூளை மியூனிக்குக்கு வந்தது. அல்சைமர் வெள்ளி உப்பால் சாயமேற்றிப் பார்த்தபோது நரம்பணுக்களுக்கு உள்ளே முறுக்கிக் கிடந்த நார்க்கட்டுகளும், வெளியே சிதறிக் கிடந்த படிவுகளும் தெரிந்தன. அந்த நவம்பரில் டூபிங்கனில் நடந்த கூட்டத்தில் அதை விவரித்தார். கேட்டவர்களில் ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை.

நான் அந்தக் குறிப்புகளில் படிவுகளைப் பற்றிய வரிகளை அடிக்கோடிட்டு வைத்தேன். கீரை என்று சொன்ன இடத்தை அடிக்கோடிடவில்லை. அப்போது எனக்கு அது ஒரு பழைய கதைபோலத்தான் பட்டது.

அமிலாய்டை ஏன் அவ்வளவு பேர் நம்பினோம் என்று இன்று பலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். பதில் மரபியலில் இருக்கிறது. 1984ல் கிளென்னரும் வோங்கும் அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். மூன்று வருடத்தில் அதன் தாய்ப்புரதத்துக்கான, அதாவது அது வெட்டியெடுக்கப்படும் பெரிய புரதத்துக்கான, மரபணு 21ஆம் குரோமோசோமில் இருப்பது தெரிந்தது. டவுன் நோய்க்குறி உள்ளவர்களுக்கு அந்தக் குரோமோசோம் மூன்று இருக்கும். நடுவயதுக்குள் அவர்களுடைய மூளையில் இதே படிவுகள் நிறைந்துவிடும். 1991ல் லண்டன் குழு ஒன்று, இளவயதிலேயே தலைமுறை தலைமுறையாக அல்சைமர் வரும் ஒரு குடும்பத்தில், சரியாக அந்த மரபணுவிலேயே பிழையைக் கண்டது. 1995ல் பிரிசெனிலின் மரபணுக்கள் வந்தன. அவையும் தாய்ப்புரதத்திலிருந்து அமிலாய்டை வெட்டியெடுக்கும் கத்தரியின் பாகங்களாகவே இருந்தன. பிறகு 2012ல் ஐஸ்லாந்திலிருந்து இதற்கு நேரெதிரான செய்தி: அதே தாய்ப்புரதத்தில் ஓர் எழுத்து மாறியதால் அமிலாய்டு குறைவாக உருவாகும் சிலர் இருக்கிறார்கள், அவர்களை அல்சைமர் அண்டுவது அரிது. இத்தனை கை ஒரே திசையைக் காட்டினால் அந்தப் பக்கம் போகாமல் என்ன செய்வது? இன்று திரும்பிப் பார்த்தாலும், அந்தத் திசை தவறு என்று நான் சொல்ல மாட்டேன்.

பட்டம் முடிந்ததும் ஒரு மருந்து நிறுவனத்தில் சேர்ந்தேன். எங்கள் டார்கெட் பேஸ்-1 என்ற நொதி. தாய்ப்புரதத்தை முதலில் வெட்டுவது அதுதான். அந்த முதல் வெட்டு விழாவிட்டால் அமிலாய்டு பீட்டா உருவாகவே முடியாது. 1999ல் அதைக் கண்டுபிடித்தார்கள். 2001ல் அந்த மரபணுவே இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். அமிலாய்டு அறவே இல்லை, எலிகள் பார்வைக்கு ஆரோக்கியமாகத் திரிந்தன. மருந்து தேடுபவருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. நொதியை அடைத்தால் நோய் நிற்கும், உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்று எல்லாரும் எடுத்துக்கொண்டோம்.

அடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பேஸ்-1 தன் வேலையைச் செய்யும் பள்ளம் நீளமானது, அகலமானது. அதை நிரப்ப வேண்டுமானால் மூலக்கூறு பெரிதாக இருக்க வேண்டும். பெரிய மூலக்கூறோ மூளைக்குள் போகாது. மூளையின் நுண்குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால் ஏறக்குறைய 600 கிலோமீட்டர் வரும் என்பார்கள். அந்த நீளம் முழுக்கச் சுவர்ச் செல்கள் இடைவெளியின்றி ஒட்டிக்கொண்டு காவல் நிற்கின்றன. தப்பித்தவறி உள்ளே நுழைந்துவிட்டாலும் பி-கிளைக்கோபுரதம் என்ற பம்பு ஒன்று இருக்கிறது. தனக்கு ஒவ்வாததைப் பிடித்து மறுபடி ரத்தத்துக்குள் தள்ளிவிடும். எங்கள் வேதியியலாளர்கள் ஒரு மூலக்கூறில் ஓர் அணுவை மாற்றுவார்கள்; நொதியை அழகாகப் பிடிக்கும், பம்பிடம் மாட்டிக்கொள்ளும். பம்பிலிருந்து தப்பவைத்தால் இதயத்துடிப்பைக் காக்கும் பொட்டாசியம் வாயிலை அடைத்துவிடும். அதைச் சரிசெய்தால் கல்லீரல் ஒரு மணி நேரத்தில் கரைத்துவிடும். இப்படியே போயின வருடங்கள்.

என் பங்கு அளப்பது. 384 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு, ஒவ்வொரு குழியும் பயறு அளவு. மருந்து வேலை செய்யாத குழிகளில் கரைசல் மஞ்சளாகும், வேலை செய்த குழிகளில் தண்ணீர்போல் தெளிந்து நிற்கும். இடமிருந்து வலமாக மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் மஞ்சள் மங்கி மங்கித் தெளிவாகிவிடும். அந்த மங்கல் எந்தக் குழியில் தொடங்குகிறது என்பதைக் கண்ணாலேயே சொல்லிவிடுவேன், கருவி பிறகுதான் உறுதி செய்யும். எட்டாவது வருடம் ஒரு நாள், மருந்து கொடுத்த எலிகளின் மூளைச்சாற்றை ஊற்றிய தட்டில் ஒரு வரிசை முழுக்கத் தெளிந்து நின்றது. நம்ப முடியாமல் மூன்று முறை திரும்பச் செய்தேன். மூன்று முறையும் அப்படியே நின்றது. அன்று அந்தத் தட்டைக் குப்பையில் போட மனம் வரவில்லை, ஒரு வாரம் குளிர்பெட்டியிலேயே வைத்திருந்தேன்.

நடுவில் எச்சரிக்கைகள் வந்துகொண்டுதான் இருந்தன. 2006ல், பேஸ்-1 இல்லாத எலிகளின் நரம்புகளில் மையலின் உறை மெலிந்திருக்கிறது என்று கட்டுரைகள் வெளியாயின. அந்த நொதி அமிலாய்டின் தாயை மட்டும் வெட்டுவதில்லை, நரம்புக்கு உறை போடச் சொல்லும் நியூரெகுலினையும் வெட்டுகிறது. நரம்பணுக்களின் இணைப்புகளைப் பராமரிக்கும் வேறு புரதங்களும் பட்டியலில் சேர்ந்துகொண்டே போயின. படித்தோம், கூட்டம் போட்டுப் பேசினோம். வளர்ந்த மனிதர்களுக்கு நொதியைப் பாதி அளவுக்கு மட்டும் அடைத்தால் இந்தப் பிரச்சினை வராது என்று சொல்லிக்கொண்டோம். 2010 ஆகஸ்டில், அமிலாய்டை வெட்டியெடுக்கும் இன்னொரு கத்தரியான காமா-செக்ரடேஸை அடைக்கும் செமகாசெஸ்டாட் மருந்தின் இரண்டு சோதனைகளை நிறுத்தினார்கள். இரண்டிலும் சேர்த்து 2,600க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டிருந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களின் நிலை, சாப்பிடாதவர்களைவிட மோசமாகியிருந்தது. அது வேறு நொதி, நமக்குப் பொருந்தாது என்று நான் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். தரவைக் காட்டித்தான் சொன்னேன். சொன்னது தவறு.

எங்கள் மூலக்கூறு பெரிய சோதனை வரைக்கும் போகவில்லை. எங்களுக்கு முன்னே ஓடிக்கொண்டிருந்தது மெர்க் நிறுவனத்தின் பேஸ்-1 அடைப்பான் வெருபெசெஸ்டாட். 1,958 நோயாளிகள், 78 வாரம். தண்டுவட நீரில் அமிலாய்டு பீட்டா 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. மூளைக்குள் போனது, நொதியை அடைத்தது, அமிலாய்டைக் குறைத்தது. நாங்கள் கனவு கண்ட அத்தனையும் நடந்தது. நோய் மட்டும் அசையவில்லை. 2017 பிப்ரவரியில் பலன் கிடைக்க வாய்ப்பே இல்லை என்று கண்காணிப்புக் குழு சொல்லிவிட்டது. இன்னும் முன்கட்டத்தில், மறதி லேசாகத் தொடங்கியவர்களுக்குக் கொடுத்தால் பலிக்கும் என்ற நம்பிக்கையில் இன்னொரு சோதனை நடந்துகொண்டிருந்தது. அதுவும் ஒரு வருடம் கழித்து நின்றது. அதன் முடிவு வெளியானபோது, அதிக அளவு மருந்து எடுத்தவர்களின் மதிப்பெண் 104 வாரத்தில் 2.02 புள்ளி மோசமாகியிருந்தது. போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 1.58. வித்தியாசம் 0.44, மருந்துக்கு எதிராக.

அதற்கு முன்பே எங்கள் திட்டத்தை மூடிவிட்டார்கள். யார்மேலும் எனக்கு வருத்தமில்லை, மூட வேண்டியதுதான். ஆனால் அந்த எண் என்னைத் தூங்கவிடவில்லை. 0.44 என்றால் என்ன? எதில் 0.44? வருடக்கணக்கில் "சி.டி.ஆர். கூட்டுமதிப்பெண்" என்று ஸ்லைடுகளில் போட்டிருக்கிறேன், மேடையில் சொல்லியிருக்கிறேன். ஒருவருக்கு அந்த மதிப்பெண்ணை எப்படிப் போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் கேட்டேன். வந்து உட்கார்ந்து பார் என்றார். அப்படித்தான் அந்த மூலை நாற்காலிக்குப் போனேன்.

சி.டி.ஆர். என்பது மறதி நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று மதிப்பிடும் முறை. 1982ல் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவானது. நினைவு, இடம்-பொழுது தெரிவது, சீர்தூக்கி முடிவெடுப்பது, வெளியுலக நடமாட்டம், வீட்டு வேலையும் பொழுதுபோக்கும், தன்னைத் தானே பார்த்துக்கொள்வது என்று ஆறு கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் 0, 0.5, 1, 2, 3 என்று ஏதாவது ஒன்று போட வேண்டும், கடைசிக் கட்டத்துக்கு மட்டும் 0.5 கிடையாது. ஆறையும் கூட்டினால் அதிகபட்சம் 18. நோயாளியிடம் தனியாகப் பேசுவார்கள், கூட இருப்பவரிடம் தனியாகப் பேசுவார்கள். ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. பல வருடம் ஒருவரோடு வாழ்ந்தவர் சொல்வதைக் கேட்டுத்தான் எண் போடுகிறார்கள். முதலில் எனக்கு இது அதிர்ச்சியாகத்தான் இருந்தது. நானோமோல் கணக்கில் அளந்து பழகிய கை. ஆனால் நாலைந்து நேர்காணல்கள் பார்த்த பிறகு எண்ணம் மாறிவிட்டது. என் கருவிகள் எதற்கும் தெரியாத ஒன்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. கணவர் பொருளை மறந்ததைவிட, அதைத் தேடாமல் விட்டதுதான் அவரை உறுத்தியது. உளவியலாளர் 0.5ஐ அடித்து 1 என்று எழுதியதும் அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான்.

இந்த இடத்தில் ஹச்சிரோ சுகிமோட்டோவைச் சொல்லியாக வேண்டும். ஜப்பானின் எய்சாய் நிறுவனத்தில் டோனெபெசில் என்ற அல்சைமர் மருந்தைக் கண்டுபிடித்த வேதியியலாளர். 1996ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, இன்றும் உலகம் முழுக்கக் கொடுக்கிறார்கள். அவருடைய அம்மாவுக்கு மறதி நோய் வந்திருந்தது. பார்க்கப் போனால் "நீங்கள் யார்?" என்று கேட்பாராம். ஹச்சிரோ என்றால், என் மகன் பெயரும் ஹச்சிரோதான் என்பாராம். அந்த மருந்து நோயை நிறுத்துவதில்லை. மிச்சமிருக்கும் அசிடைல்கோலைன் சீக்கிரம் சிதையாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். எங்கள் தலைமுறை அதை அறிகுறிக்குத்தான் மருந்து என்று ஒதுக்கியது, நானும் ஒதுக்கினேன். இப்போது அப்படிப் பேச வாய் வருவதில்லை. எதை மாற்ற வேண்டும் என்று அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருந்தது.

2022 நவம்பரில் லெகனெமாப் சோதனை முடிவு வந்தது. இது நொதியை அடைப்பதில்லை. ஏற்கெனவே ஒன்றாகத் திரண்டுகொண்டிருக்கும் அமிலாய்டைப் பிடித்து அகற்றும் எதிர்ப்புப் புரதம். சோதனையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தக்குழாய் வழியாக ஏற்றினார்கள். 1,795 பேர், 18 மாதம். போலி மருந்து எடுத்தவர்கள் 1.66 புள்ளி சரிந்தார்கள், லெகனெமாப் எடுத்தவர்கள் 1.21. வித்தியாசம் 0.45. நோயின் வேகம் 27 சதவீதம் குறைந்தது என்று தலைப்புச் செய்திகள் எழுதின. நான் அந்தக் கட்டுரையைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பேஸ்-1 அடைப்பானால் 0.44 கெட்டது. இதனால் 0.45 நன்மை. சோதனைகள் வேறு, நோயாளிகளின் நிலை வேறு, கால அளவு வேறு. இரண்டையும் நேராக ஒப்பிடக்கூடாது என்று தெரியும். ஆனாலும் கண் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்த்தது. ஒன்று ஏற்கெனவே மூடிய எங்கள் கதவுக்குப் பூட்டுப் போட்டது, இன்னொன்று புதிய கதவைத் திறந்தது. இரண்டுமே அந்தத் தாளில் ஒரு கட்டத்தில் போடக்கூடிய மிகச் சிறிய மாற்றமான அரைப் புள்ளியைவிடக் குறைவு.

அதற்காக 0.45 ஒன்றுமில்லை என்று சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன். அது சராசரி. ஒருவருக்கு இரண்டு புள்ளி மிஞ்சியிருக்கும், இன்னொருவருக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. அமிலாய்டை எடுத்தால் நோயின் போக்கு கொஞ்சமாவது மாறும் என்பதை மனிதர்களிடம் காட்டியிருக்கிறார்கள். 1984லிருந்து கணக்குப் போட்டால் 38 வருடம். ஆனால் விலை இருக்கிறது. மருந்து எடுத்தவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது. ஏபிஓஇ-4 மரபணு இரண்டு பிரதி உள்ளவர்களுக்கு, அதாவது நோய் வரும் ஆபத்து அதிகமாக உள்ளவர்களுக்கே, அது இன்னும் அதிகம். பெரும்பாலோருக்கு அறிகுறியே இல்லாமல் சரியாகிவிட்டது, சிலருக்கு அப்படி ஆகவில்லை. இதை ஒரு குடும்பத்திடம் எடுத்துச் சொல்லி, முடிவெடுக்க உதவும் மருத்துவரின் வேலை என் வேலையைவிடக் கடினம்.

எங்கே பிசகினோம் என்பதற்கு இன்று என்னிடம் ஒரு பதில் உண்டு. நோய் பரம்பரையாக வரும் குடும்பங்களைப் பின்தொடர்ந்து 2012ல் வந்த ஆய்வு, அறிகுறி எதிர்பார்க்கப்படும் வயதுக்கு 25 வருடம் முன்பே தண்டுவட நீரில் மாற்றம் தொடங்கிவிடுவதைக் காட்டியது. ரேடியோவைப் பிரித்தவர் மருத்துவரிடம் வரும்போது, அமிலாய்டு தன் வேலையைத் தொடங்கிக் கால் நூற்றாண்டு ஆகியிருக்கலாம். அதற்குள், அல்சைமர் பார்த்த நார்க்கட்டுகளை உண்டாக்கும் டௌ புரதம் முறுக்கிக்கொண்டு செல்லிலிருந்து செல்லுக்குப் பரவியிருக்கும், அழற்சி தனிப்பாதையில் போய்க்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் குழாயை மூடி என்ன பயன், வீடு முழுக்கத் தண்ணீர் நிற்கும்போது? அதோடு நாங்கள் மூடிய குழாய் மற்ற அறைகளுக்கும் தண்ணீர் கொண்டுபோகும் குழாய். இதனால் இப்போது நான் வேலை செய்வது டௌவில். அதைவிட முக்கியமாக, எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவரையும் முதல் மாதத்திலேயே, எலியைத் தொடுவதற்கு முன்பு, நேர்காணல் நடக்கும் அறைக்கு அனுப்பிவைக்கிறேன். சிலர் திரும்பி வந்து எதுவும் சொல்வதில்லை. ஒரு பெண் மட்டும், தான் எழுதியிருந்த சோதனைத் திட்டத்தை எடுத்து முதலிலிருந்து மாற்றி எழுதினார்.

அந்தத் தம்பதியை நான் இன்னொருமுறை பார்த்தேன். 18 மாதம் கழித்து வழக்கமான மறுபரிசோதனை. அவர் எந்த மருந்துச் சோதனையிலும் இல்லை. நோய் தன்போக்கில் எப்படிப் போகிறது என்று பின்தொடரும் ஆய்வில் இருந்தார். அதே அறை, அதே மூலை நாற்காலி.

"இன்னும் ரிப்பேர் பண்றார்," என்றார் அந்த அம்மா, கேட்பதற்கு முன்பே.

"தனியாவா?"

"நான் பக்கத்துல உட்கார்ந்துக்குவேன். ஸ்க்ரூவை வரிசையா எடுத்துக் கொடுப்பேன். கொடுத்தா போட்டுடுவார்."

"நீங்க எடுத்துக் கொடுக்கலைன்னா?"

பதில் வரவில்லை. உளவியலாளர் இரண்டாவது முறை கேட்கவில்லை. அந்தக் கட்டத்தில் 2 என்று எழுதினார், இந்தமுறை அடிக்கவில்லை.

அப்புறம் கணவரை உள்ளே கூப்பிட்டார்கள். இன்றைக்கு என்ன தேதி, இது எந்த இடம் என்று கேள்விகள் போய்க்கொண்டிருந்தன. அவர் ஏதோ பதில் சொன்னார், கண் மட்டும் மேசையில் இருந்த ஒலிப்பதிவுக் கருவிமேல். கேள்வி பாதியில் இருக்கும்போதே அதைக் கையில் எடுத்தார். திருப்பினார். அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தடவிக்கொண்டே போய் ஒரு மூலையில் நிறுத்தினார்.

"இங்கே ஒரு ஸ்க்ரூ இல்லை," என்றார் மனைவியிடம்.